புதைமேடு யாருக்குச் சொந்தம்?

கடந்த நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் திருப்பலியை முடித்து, கல்லறைகளை மந்திரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முந்தைய இரவு பெய்த மழையால் தீர்த்தமலையின் உச்சி மூடுபனிக்குள் மறைந்து கிடந்தது. தீர்த்தகிரீசுவரரை வழிபடவும், பாறையினின்று வழியும் இராமர் தீர்த்தத்தில் நீராடவும் வந்த மக்கள் அந்தப் பனிக்குள் ஒவ்வொருவராகப் படியேறிச் சென்றனர். அவ்வேளையில் கல்லூரியில் பயிலும் எம் பங்கு இளைஞர் ஒருவர், தடித்த ஆங்கில நூலொன்றை எம் கையில் வைத்தார். “சாமி, நம்ம மேட்டுல இருக்கிற குள்ளர் வீடுகளைப் பத்தித்தான் இவரு எழுதியிருக்காரு. பேய்க்கதைன்னு அம்மா படிக்க வேணாங்கிறாங்க. நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க” என்றார்.

நூல், ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதல் தொகுதியில், புதைமேட்டுக் குன்றுகளின் மீது மூடுபனி கவிவதைக் கூறும் ஓர் அத்தியாயம் உண்டு. இளைஞர் குறித்துக் கொடுத்தது அதனைத்தான். அந்த அன்னைக்கும் மகனுக்கும் யாம் தரும் விடையே இக்கட்டுரை. விடை கூறுமுன் எம் பழைய பிழையொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டியதாயிற்று. அதனை இறுதியில் கூறுவோம்.

ஆசிரியரும் அவர் கண்ட நாடும்

டோல்கீன் (1892–1973) ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியராக இருந்தவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாய் மேபல் 1900-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவினார். அதன் பொருட்டு உறவினரின் ஆதரவை இழந்து, வறுமையில் உழன்று, 1904-இல் நீரிழிவு நோயால் இறந்தார். பெற்றோரை இழந்த சிறுவர் இருவருக்கும் பர்மிங்காம் ஆரட்டரி இல்லத்துக் குருவாகிய பிரான்சிஸ் மார்கன் பாதுகாவலராக இருந்து ஆளாக்கினார். 1916-இல் சோம் போர்க்களத்தில் நின்ற டோல்கீன், அப்பெரும் போரில் உயிர் நண்பர்களைப் பறிகொடுத்தார். கல்லறை இல்லாமலே மண்ணுக்குள் போன இளைஞர் பல்லாயிரவரை அவர் தலைமுறை அறியும். 1966-இல் வெளிவந்த ஆங்கில எருசலேம் விவிலியத்தில் யோனா நூலின் மொழிபெயர்ப்பிலும் அவருக்குப் பங்குண்டு. தம் பெருங்கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கம் சார்ந்தது என்று 1953-இல் இயேசு சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் அவரே குறிப்பிட்டுள்ளார்.

எனினும் கதைக்குள் கோயிலும் இல்லை, குருவும் இல்லை, சிலுவையும் இல்லை. உள்ளவை மலைகள், காடுகள், ‘ஹாபிட்’ எனப்படும் குள்ள மாந்தர், அவர்கள் அழிக்கவேண்டிய ஒரு தீய மோதிரம். கற்பனை நாடுதான், ஆனால் அந்நாட்டுப் புதைமேடுகள் கற்பனையிலிருந்து மட்டும் எழுந்தவை அல்ல. இங்கிலாந்தின் தென்பகுதிச் சுண்ணக் குன்றுகளில் முன்னோர் எழுப்பிய மண்மேடுகள் இன்றும் உள்ளன. ‘பேரோ’ என்பது அவற்றுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பழம்பெயர். ஆக்சுபோர்டிலிருந்து ஒரு பகலில் சென்று திரும்பும் தொலைவிலேயே 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட நீள்மேடு ஒன்று கல்லறைகளுடன் நிற்கிறது.

டோல்கீன் தம் நாட்டின் மேடுகளுக்கு ஒரு வரலாற்றைப் படைத்தார். மிகப் பழங்காலத்து மக்கள் அவற்றை எழுப்பினர். பின்வந்த அரச குலத்தார் அவற்றைப் போற்றித் தம் தலைவர்களையும் அங்கேயே அடக்கம் செய்தனர். பிறகு போர் வந்தது, கொள்ளைநோய் வந்தது, அக்குலம் அந்நாட்டில் அற்றுப்போயிற்று. கேட்பாரற்றுக் கிடந்த மேடுகளுக்குள், அங்மார் என்னும் தீய நாட்டிலிருந்து ஆவிகள் வந்து குடியேறின. இம்மூன்றாம் கட்டத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரை முழுவதும் அதனையே பற்றி நிற்கிறது.

மேட்டுக்குள் நடந்தது

பிரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்னும் நான்கு ஹாபிட்டுகள் அக்குன்றுகளின் வழியே குதிரைக்குட்டிகளில் செல்கின்றனர். நண்பகலில், நட்டுவைத்த ஒரு நெடுங்கல்லின் அடியில் உண்டு உறங்கிவிடுகின்றனர். விழிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது; எங்கும் பனி. வழி தேடித் தடுமாறும்போது பிரோடோ தோழரைப் பிரிகிறான். நினைவு திரும்புகையில் மேட்டுக்குள் மல்லாந்து கிடக்கிறான். வெளிறிய பச்சை ஒளியில் தோழர் மூவரும் வெண்ணுடையும் பொன்னணியும் பூண்டு பிணம்போல் கிடக்கின்றனர். மூவர் கழுத்தின்மீதும் ஒரே வாள் குறுக்கே வைக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த குரலொன்று மந்திரம்போல் எதையோ ஓதுகிறது. நீண்ட கையொன்று விரல்களால் ஊர்ந்து சாமை நோக்கி வருகிறது.

இங்கேதான் கதையின் அறம் சோதிக்கப்படுகிறது. மோதிரத்தை அணிந்தால் பிரோடோ மறைந்து தப்பலாம், தோழர் மடிவர். அந்த எண்ணம் அவனுக்கு வருகிறது. வந்ததை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் அவன் அருகில் கிடந்த குறுவாளை எடுத்து அக்கையை வெட்டுகிறான். பிறகு, ஆபத்தில் அழைக்குமாறு டாம் பாம்படில் என்னும் முதியவர் கற்றுத்தந்த பாட்டைப் பாடுகிறான். அவர் வருகிறார், கற்கள் சரிகின்றன, மேட்டுக்குள் பகலொளி பாய்கிறது, ஆவி துரத்தப்படுகிறது. வெட்டிய துணிவு பிரோடோவினுடையது. விடுதலையோ அழைத்தபின் வெளியிலிருந்து வந்தது. மனித முயற்சிக்கும் இறையருளுக்கும் உள்ள உறவைக் குருமடத்தில் யாம் பல மாதங்கள் பாடமாகப் படித்தோம். டோல்கீன் அதனை ஒரே பக்கத்தில் கதையாக்கிவிட்டார்.

ஆவி இறந்தவர் அல்லர்

பேய்க்கதை என்று அஞ்சும் அன்னை கவனிக்கவேண்டியது இதுவே: மேட்டுக்குள் அச்சுறுத்தும் ஆவி, அங்கே அடக்கம் செய்யப்பட்டவரின் ஆவி அன்று. அது வெளியிலிருந்து வந்த திருடன்.

இது சிறு மாற்றம் அன்று. ஐசுலாந்து நாட்டின் பழங்கதையான கிரெட்டிர் சகாவில் வீரன் ஒரு புதைமேட்டுக்குள் இறங்குகிறான். அங்கே பொருளைக் காத்து வீற்றிருக்கும் இறந்தவனே எழுந்து அவனோடு மற்போர் புரிகிறான். வீரன் அவன் தலையைக் கொய்து, பொருளோடு ஒரு குறுவாளையும் எடுத்துவருகிறான். டோல்கீன் இத்தகைய கதைகளில் தோய்ந்தவர். ஆயினும் அவர் கதையில் இறந்தவர் பகைவர் அல்லர், பாதிக்கப்பட்டவர். அவருடைய வீட்டை வேறொருவன் கவர்ந்துகொண்டான்.

மயக்கம் தெளிந்து விழிக்கும் மெர்ரி கூறும் சொற்கள் இதற்குச் சான்று. ஒரு கணம் அவன் தன்னை மறந்து, அங்மார்ப் படையினர் இரவில் வந்து தாக்கியதையும், தன் நெஞ்சில் ஈட்டி பாய்ந்ததையும் கூறுகிறான். அவை அவனுடைய நினைவுகள் அல்ல. அம்மேட்டில் அடக்கமான போர்வீரனுடையவை. உயிருள்ளவன் நாவில் இறந்தவன் ஒரு கணம் பேசுகிறான். அதில் பழியுணர்ச்சி இல்லை, மிரட்டல் இல்லை. தான் எவ்வாறு மாண்டான் என்பதை யாராவது அறியவேண்டும் என்னும் ஏக்கம் மட்டுமே உள்ளது. இத்தனை சிக்கனமாகவும் இத்தனை இரக்கத்தோடும் ஒரு பிணத்துக்குக் குரல் கொடுத்த எழுத்து அரிது.

நம் திரைப்படங்களும் வார இதழ்த் தொடர்களும் இறந்தவரைப் பற்றிக் கற்றுத்தந்தது யாது? அவர்கள் வெள்ளைச் சேலையில் வருவர், பழிவாங்குவர், மந்திரவாதிக்கு அடங்குவர் என்பதே. அடக்கச் சடங்கு முடிந்த மூன்றாம் நாளே அந்த வீட்டுப் பிள்ளைகள் தாத்தாவின் அறைக்குள் நுழைய அஞ்சுவதை யாம் பலமுறை கண்டிருக்கிறோம். உயிரோடிருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சியவர், இறந்ததும் எப்படிப் பகைவர் ஆனார்?

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்து, இரவும் பகலும் கூச்சலிட்டுத் தன்னையே கற்களால் காயப்படுத்திக்கொண்ட மனிதனை நற்செய்தியாளர் மாற்கு காட்டுகிறார். அவனை ஆட்டிவைத்தது கல்லறையில் கிடந்தோர் அல்லர்; ‘இலேகியோன்’ என்னும் அந்நியப் படை. வெறுமையாய்க் கிடந்த வீட்டைக் கண்டு ஏழு தீய ஆவிகள் குடியேறியதாக ஆண்டவர் கூறிய உவமையையும் இங்கு நினைக்கலாம். டோல்கீனின் மேட்டுக்கும் இதுவே நேர்ந்தது. நினைப்பார் இருந்தவரை அது புனித இடம். நினைப்பார் அற்றபோது அச்சத்தின் உறைவிடம்.

நம் மேட்டு நிலங்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் அதனின்று பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்திலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மிகுதி. வட்டமாகக் கற்களை அடுக்கியவை கல்வட்டங்கள். தரைக்குள் பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்தவை கற்பதுக்கைகள். தரைக்குமேல் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்தவை கற்திட்டைகள். கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் குன்றின்மீது கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பல பதுக்கைகளிலும் திட்டைகளிலும் ஒருபக்கப் பலகையில் வட்டமான துளையொன்று இருக்கும். அறிஞர் அதனை இடுதுளை என்பர்.

இவற்றை நம் மக்கள் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் அழைக்கின்றனர். முழங்கால் உயரச் சுவரும், குழந்தை நுழையும் அளவுக்கே துளையும் உடைய வீட்டில் வேறு யார் வாழ்ந்திருக்க முடியும்? ஆகவே குள்ளர் வாழ்ந்தனர் என்று கற்பித்தனர். ஹாபிட்டுகளைப் பற்றிப் படித்த இளைஞருக்குத் தம் ஊர் மேடு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆக்சுபோர்டுப் பேராசிரியர் படைத்ததுபோல் நம் பாட்டிமாரும் ஒரு கற்பனை நாட்டைப் படைத்திருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கல்லறை என்பது மறந்துபோய், வீடு என்பது மட்டும் எஞ்சிவிட்டது. இறந்தவர் நினைவிலிருந்து நீங்கினர். அவ்விடத்தில் குள்ளர் வந்தனர். குள்ளருக்குப் பின் புதையல் வந்தது. புதையல் உண்டு என்ற பேச்சு எழுந்த மேடுகளில் நள்ளிரவில் கடப்பாறைகள் இறங்கின. தோண்டியவர்க்குக் கிடைத்தவை பெரும்பாலும் கருப்பு-சிவப்பு மட்கலங்களும், துருவேறிய இரும்பும், பொடிந்த எலும்புமே. பொன் இல்லாத ஏமாற்றத்தில் அவற்றை உடைத்தெறிந்துவிட்டுச் சென்றனர்.

அந்தத் துருவேறிய இரும்பின் விலையை நாம் அறிந்தது அண்மையில்தான். கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-இல் நிகழ்த்திய அகழாய்வின் மாதிரிகளை ஆய்ந்ததில், இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. குலமுதுவராகிய ஆபிரகாமின் காலத்தைப் பல விவிலிய அறிஞர் இதையடுத்த நூற்றாண்டுகளில் வைப்பர். ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய எபிரோனில் இடம் தேடியதற்கு முன்பே, இம்மண்ணில் இரும்பை உருக்கிய கைகள் இருந்தன என்று எண்ணும்போது நெஞ்சம் பணிகிறது.

தமிழ்ப் புலவரும் டோல்கீனும்

நம் இலக்கியம் இந்த மேடுகளை எவ்வாறு கண்டது? புறநானூற்றின் 256-ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி தாழி வனையும் குயவனிடம் வேண்டுகிறாள்: தனக்கும் சேர்த்து இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யவேண்டும் என்று. நெடுவழி அவனோடு வந்த தன்னை, வண்டிச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு உடன்வந்த பல்லியாகக் கூறிக்கொள்கிறாள். 228-ஆம் பாடலில் ஐயூர் முடவனார், மாண்ட கிள்ளிவளவனின் புகழுக்கு ஏற்ற தாழியைக் குயவனால் வனைய இயலுமா என்று வினவுகிறார். இரு பாடல்களிலும் பேய் இல்லை, அச்சம் இல்லை. குயவனின் சக்கரமும் ஈரமண்ணும் இருக்கின்றன. அளவில் அடங்காத அன்பு ஒருபுறம், அளவுள்ள பானை மறுபுறம்.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்னும் பெரிய ஈமப்புறங்காடு வருகிறது. எரித்தல், புதைத்தல், தாழியிட்டுக் கவித்தல் முதலிய முறைகள் பலவும் அங்கு ஒருங்கே நிகழ்வதாகச் சாத்தனார் காட்டுகிறார். சார்ங்கலன் என்னும் சிறுவன் வழிதவறி அங்கு நுழைந்து, பேயின் கூத்தைக் கண்டு அஞ்சி, வீடு சேர்ந்து உயிர்விடுகிறான். பார்வையற்ற கணவனையும் தன்னையும் பேணவேண்டிய மகன் மாண்டதைப் பொறாத தாய் கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வம் மறுக்கிறது. அவ்வாறு உயிர்தர வல்லவர் விண்ணவருள் எவருமில்லை என்பதை அவர்களையே வரவழைத்துக் காட்டுகிறது.

ஒரே நிகழ்ச்சி, இரு முடிவுகள். ஈமநிலத்தில் வழிதவறிய ஹாபிட்டுகள் பிழைத்தனர், சார்ங்கலன் இறந்தான். இங்கே டோல்கீனைக் குறித்து எமக்கு ஒரு தயக்கம் உண்டு. இளைஞர் பலரை அடக்கம் செய்த குரு என்ற முறையில் கூறுகிறோம்: நாம் பாடியவுடன் கல்லைப் புரட்டி எவரும் வருவதில்லை. கோதமையின் கேள்வி நம் கல்லறைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கிறது. சாத்தனார் பொய்யாறுதல் தர மறுத்தார். அந்த நேர்மைக்குமுன் டாம் பாம்படிலின் வருகை மிக எளிதாகத் தோன்றுவது உண்மை. இலாசரின் கல்லறைமுன் ஆண்டவரே கண்ணீர் விட்ட பிறகுதான் கல்லை அகற்றச் சொன்னார். டாம் பாம்படிலோ சிரித்துக்கொண்டே வருகிறார்.

மற்றொரு குறையும் உண்டு. டோல்கீனின் மேடுகளில் கிடப்போர் வேந்தரும் உயர்குடியினருமே. எளியவர் எங்கே புதையுண்டனர் என்பதைக் கதை கூறாது. நம் நடுகற்கள் இதில் உயர்ந்து நிற்கின்றன. தீர்த்தமலைக்குக் கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில், எழுப்பிய நடுகல் ஒன்று உண்டு. பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயும் அக்கல்லில் உண்டு. நாயின் பெயர் கோவிவன். அந்நாயையும் அதன் பெயரையும் கல்லில் ஏற்றியவர், நன்றியைக் குலம் பார்த்து அளக்கவில்லை.

வெயிலில் வைத்த பொன்

இக்குறைகளையும் மீறி டோல்கீனின் அத்தியாயம் எம்மை ஆட்கொண்டது அதன் முடிவினால்தான். ஆவியைத் துரத்திய டாம், மேட்டுக்குள் இருந்த பொன்னையும் மணியையும் வெளியே கொணர்ந்து புல்மேட்டில் வெயிலில் பரப்புகிறார். கண்டெடுக்கும் எவரும், பறவையோ விலங்கோ நல்லெண்ணம் உடைய மனிதரோ, எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். அப்போதுதான் மேட்டின் மாயம் உடையுமாம். தீய ஆவி திரும்ப வராதாம். பூட்டிய செல்வமே ஆவியை அழைத்தது. பகிர்ந்த செல்வம் அதனை விரட்டிற்று. திருச்சபைத் தந்தையர் செல்வரைக் கண்டித்து ஆற்றிய மறையுரைகளின் சாரம் இதுதான்.

பிறகு அவர் நீலக்கற்கள் பதித்த அணியொன்றைத் தம் துணைவிக்கென எடுக்கிறார். எடுத்தவர் உடனே நகரவில்லை. நெடுநேரம் அதனை நோக்கி, பழங்காலத்தில் அதனைத் தோளில் அணிந்திருந்த அழகிய பெண்ணை நினைவுகூர்ந்து, அவளை மறவோம் என்கிறார். எடுப்பதற்கு உரிமை தருவது அந்த நினைவே. புதையல் திருடனுக்கும் அவருக்கும் உள்ள தொலைவு இவ்வளவே.

ஹாபிட்டுகளுக்கும் ஆளுக்கொரு குறுவாள் கிடைக்கிறது. அவற்றை அங்மாரின் சூனிய அரசனை எதிர்க்கவென்றே அப்பழங்குலத்தார் வடித்திருந்தனர். அவர்கள் தோற்றனர், அழிந்தனர், வாள்கள் பிணங்களோடு இருளில் கிடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின், மூன்றாம் தொகுதியில், பெரும் போர்க்களத்தில் மெர்ரி அதே வாளால் அதே சூனிய அரசனைக் குத்துகிறான்; அவனது மாயவலிமை அறுபடுகிறது; எயோவின் என்னும் பெண்வீரர் அவனை வீழ்த்துகிறார். அவ்வாளை வடித்த கொல்லன் இதனை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பான் என்னும் பொருள்பட ஆசிரியர் அங்கே ஒரு வாக்கியம் எழுதுகிறார். தோற்று மடிந்தவனின் உழைப்பு வீணாகவில்லை. பெயர் தெரியாத ஒருவனின் கையில் அது நிறைவு பெற்றது.

வாசகரே, ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் ‘புனிதர்களின் சமூக உறவு’ என்னும் விசுவாசக் கோட்பாட்டை இதனினும் தெளிவாக விளக்கும் கதையை யாம் அறியோம். இறந்தோர்க்காக நாம் மன்றாடுகிறோம். அவர்கள் விட்டுச்சென்றவற்றால் நாம் நிற்கிறோம். கொடுக்கல் வாங்கல் கல்லறையோடு முடிவதில்லை.

1981-இல் பி.பி.சி. வானொலி இக்கதையை நாடகமாக்கியபோதும், 2001-இல் பீட்டர் ஜாக்சன் திரைப்படமாக்கியபோதும் இந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டனர். கதையோட்டத்துக்கு இது தேவையில்லை என்பது அவர்கள் கணிப்பு. திரைப்படத்தில் வாள்களை அரகோர்ன் என்னும் வழிகாட்டி எடுத்துத் தந்துவிடுகிறார். கதை விரைந்து ஓடுகிறது. ஆனால் மெர்ரியின் கையிலிருப்பது வெறும் இரும்பு. நீக்கியது ஒரு பேய்க் காட்சியை அன்று. இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையிலான உறவை.

எம் பிழை

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற புதிதில், சிற்றூர் ஒன்றில் பணியாற்றினோம். ஊரின் பெயர் வேண்டாம். நம் கல்லறைத் தோட்டத்துக்குள் மாடுகள் புகுந்து சிலுவைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தன. சுவர் எழுப்பப் பணமில்லை. மேட்டில் கற்கள் சும்மா கிடக்கின்றன என்றனர். யாமும் சரி என்றோம். டிராக்டரில் நான்கு நடையில் கல்வட்டம் ஒன்று முழுவதும் வந்து சேர்ந்தது. பலகைக் கல் ஒன்றில் வட்டத் துளை இருந்தது. மழைநீர் வெளியேற வாகாக இருக்கும் என்று கொத்தனார் அதனைச் சுவரின் அடியில் பதித்தார்.

அந்தப் பலகையைப் பெயர்த்தபோது கீழே உடைந்த கலமும், சுண்ணாம்புபோல் வெளுத்த எலும்புத் துண்டுகளும் தெரிந்தன. சித்தாள் வேலைக்கு வந்திருந்த அம்மையார் ஒருவர் தலைச்சும்மாட்டை இறக்கிவைத்துவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளி அதன்மேல் இட்டு, “யார் பெத்த புள்ளையோ” என்றார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். யாமோ, பொழுது சாய்கிறது, வேலையைப் பாருங்கள் என்றோம். இறையியல் படித்து வந்தவர் யாம்; இறந்தவர்க்குச் செய்யவேண்டியதைச் செய்தவர் அவர்.

நம் இறந்தோரைக் காக்க வேறொருவரின் இறந்தோரைக் கலைத்தோம். ஆபிரகாம் அவ்வாறு செய்யவில்லை. அந்நியராய்க் குடியிருந்த நாட்டில் இத்தியர்முன் வணங்கி நின்று, இலவசமாகத் தருகிறோம் என்றபோதும் மறுத்து, 400 வெள்ளிக் காசுகளை நிறுத்துக்கொடுத்தே மக்பேலா நிலத்தை வாங்கினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. கல்லறை நிலம் கேட்டுப் பெறவேண்டியது, விலை கொடுக்கவேண்டியது என்பதை அவர் அறிந்திருந்தார். கேட்பதற்கு ஆளில்லை என்பதால் விலையில்லை என்று யாம் கருதினோம். டோல்கீனின் தீய ஆவி மேட்டுக்குள் நுழைந்ததும் அவ்வாறு கருதித்தானே?

கிறிஸ்துவை அறியாது இறந்த அம்மக்களை நாம் எவ்வாறு நினைப்பது என்று சிலர் வினவலாம். திருப்பலியின் நான்காம் நற்கருணை மன்றாட்டு இதற்கு வழிகாட்டுகிறது. கிறிஸ்துவின் அமைதியில் துயில்வோரோடு, கடவுள் ஒருவரே அறிந்த நம்பிக்கையோடு இறந்த அனைவரையும் அது நினைவுகூர்கிறது. பலிபீடத்தில் இடமுள்ளவர்களுக்கு நம் மேட்டில் இடமில்லாமற் போகலாமா?

ஆகவே அந்த அன்னைக்கு எம் விடை: உங்கள் மகன் இந்நூலைப் படிக்கட்டும். பேய்க்கு அஞ்சக் கற்பிக்கும் நூல் அன்று இது. இறந்தவருக்கு அஞ்சாதிருக்கவும் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பதை உணரவும் கற்பிக்கும் நூல். மகனுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர் மேட்டிலுள்ள குள்ளர் வீடுகளை எண்ணி, எங்கே எத்தனை என்று எழுதி வாருங்கள். ஒரு கல்லையும் அசைக்கவேண்டாம். தோண்டியது தெரிந்தால் வட்டாட்சியருக்கு எழுதுவோம். கையொப்பம் யாம் இடுகிறோம்.

வருகிற நவம்பர் 2-ஆம் நாள் மாலையில், பங்குப் பணிகளை முடித்தபின், அந்தப் பழைய சிற்றூருக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. மழை பெய்தால் அத்துளை வழியே நீர் ஓடுகிறது என்கின்றனர். சுவரைக் கலைத்துக் கற்களை மீண்டும் மேட்டில் அடுக்கினாலும் அது பழைய கல்வட்டம் ஆகாது. அதனைத் தொல்லியலார் முடிவுக்கு விடுவோம். யாம் செய்யக்கூடியது சிறிது. அன்று அந்த அம்மையார் செய்ததுபோல் அந்த மேட்டில் ஒரு பிடி மண் இட்டு, ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவோம். இளைஞரும் உடன்வருவதாகக் கூறியுள்ளார்.